ஆடியில் ஊன்றுங்கள், ஐப்பசியில் பாருங்கள்!

பூ என்றால் செங்காந்தள்தான். ரோஜா இருக்கட்டும், ஆர்க்கிட் இருக்கட்டும், ஊட்டி மலர்க் கண்காட்சியில் அடுக்கி வைக்கிற அத்தனை தொட்டிகளும் இருக்கட்டும். புரட்டாசி பிறந்து நல்ல மழை ஒன்று இறங்கிய பிறகு எங்கள் வீட்டுக் கம்பி வலையில் செங்காந்தள் விரிகிறதே, அதற்குப் பக்கத்தில் நிறுத்த எனக்கு வேறு பூ தெரியவில்லை. திருப்பூரில், அதுவும் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் வருகிற ஒரு தெருவில், இந்தப் பூவை வளர்த்துப் பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். மலரத் தொடங்கியதும் ஆறு இதழ்களும் பின்பக்கமாக வளைந்து வானத்தைப் பார்த்து நிமிரும். ஒவ்வோர் இதழின் ஓரமும் அலையலையாக நெளிந்திருக்கும். முதலில் அடியில் பச்சை கலந்த மஞ்சள், மேலே மட்டும் சிவப்பு. நாளாக நாளாக அந்தச் சிவப்பு கீழே இறங்கி மஞ்சளை விழுங்கும். கடைசியில் பூ முழுக்கச் சிவந்துவிடும். கீழ்ப் பூ சிவந்து நிற்கும்போது அதற்கு மேலுள்ளது பாதி மஞ்சளாக இருக்கும். அதற்கும் மேலே பச்சை மொட்டுகள் வரிசையாகக் காத்திருக்கும். ஒரே கொடியில், ஒரே காலையில் இத்தனை நிறம்! கம்பெனிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அங்கே நின்று பார்க்காமல் என்னால் வண்டியை எடுக்க முடிவதில்லை.

இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். ஆறு மகரந்தத் தாள்களும் இதழ்களை விட்டு விலகி நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். சூல்தண்டோ சூலகத்தை விட்டு வெளியே வந்த இடத்திலேயே மடங்கிப் பக்கவாட்டில் ஓடும். தேன் குடிக்க வருகிற பட்டாம்பூச்சியின் இறக்கையில் மகரந்தம் ஒட்டுவதற்கும், அடுத்த பூவில் அது சூல்முடியில் படுவதற்கும் ஏற்ற அமைப்பு இது. எங்கள் வீட்டில் தேன்சிட்டுகளும் வருகின்றன. கொடியைப் பாருங்கள், அதுவும் கெட்டிக்காரத்தனம்தான். தனியாகப் பற்றுக்கம்பி எதுவும் விடாது. இலையின் நுனியே மெலிந்து நீண்டு, கிடைத்ததைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்.

உறங்கத் தெரிந்த செடி

திருப்பூரில் தோட்டம் போடுகிறேன் என்றால் முதலில் வருகிற கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். “இந்த உப்புத் தண்ணியில என்னங்க வரும்?” என்பார்கள். நியாயமான கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிற ஊர் இது. கேரளத்தில் ஜூன், ஜூலையில் கொட்டுகிற மழையில் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது பாய்ந்து வருவதால்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் எங்கே திரும்பினாலும் காற்றாலை நிற்கிறது. நமக்கென்று வருகிற மழை ஐப்பசி, கார்த்திகையில். நிலத்தடி நீரிலோ உப்பும் சுண்ணாம்பும். சாயக் கழிவு நொய்யலில் கலந்த காலத்தின் சுமையையும் இந்த மண் தாங்கியிருக்கிறது. கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டும்வரை சாய ஆலைகளை மூட வேண்டும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அதற்குப் பிறகு சாயத் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிற முறைக்கு ஊர் மாறியதும் இங்கே எல்லோரும் அறிந்த கதை.

சித்திரை, வைகாசியில் கிணற்று நீர் இறங்க இறங்க உப்பின் கடுமையும் ஏறும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் மென்மையான செடிகளின் இலை ஓரம் கருகும். தொட்டி மண்ணில் வெள்ளை பூக்கும். இந்த ஊரில் தோட்டம் போடுகிறவர்களை மனம் தளர வைப்பது இந்த மாதங்கள்தான். செங்காந்தளின் அருமை இங்கேதான் தெரிகிறது. நம் தண்ணீர் மோசமாக இருக்கிற அந்த மாதங்களில் அது மண்ணுக்கு மேலேயே இருக்காது! தை மாதத்துக்குள் கொடி காய்ந்து மடிந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காது. வானத்திலிருந்து நல்ல தண்ணீர் வருகிற பருவத்தை ஒட்டி எழுந்து, ஏறி, பூத்து, காய்த்து, மறுபடி உறங்கப் போய்விடும்.

இதைவிட நம் ஊருக்குப் பொருத்தமான பூச்செடி எங்கே கிடைக்கும்? வெப்பமண்டலத் தோட்டம் என்றதும் கேரளத்து ஈரத்தையும் பாலித் தீவுப் படங்களையும் மனதில் வைத்துக்கொண்டு அகன்ற இலைச் செடிகளைத் தேடி ஓடுகிறோம். கொங்கு நாட்டு வெப்பம் வேறு வகை. இங்கே ஈரம் விருந்தாளி, வறட்சிதான் வீட்டுக்காரர். வறட்சியில் உறங்கி, மழையில் விழித்து, ஆண்டுக்காண்டு பெருகுகிற பல்லாண்டுப் பூச்செடிகள்தான் இந்த மண்ணின் சொத்து என்று நான் முழு மனதாக நம்புகிறேன். அவற்றில் செங்காந்தள் முதல் இடம்.

மூலனூர்ச் செம்மண்ணில்

இதை எங்கிருந்தோ வரவழைக்க வேண்டியதும் இல்லை. நம் மாவட்டத்திலேயே, தாராபுரத்தை ஒட்டிய மூலனூர் வட்டாரத்தில் காடு காடாக இதைப் பயிர் செய்கிறார்கள். அங்கே போய்ச் செங்காந்தள் என்று கேட்டால் இரண்டாவது முறை கேட்பார்கள். கண்வலிக் கிழங்கு என்றால் உடனே கை நீட்டி வழி காட்டுவார்கள். கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு என்றும் பெயர்கள் உண்டு. பக்கத்தில் ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம், அரவக்குறிச்சி என்று இந்தப் பயிர் மாவட்ட எல்லைகளைத் தாண்டியும் பரவியிருக்கிறது.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியே ஓர் இன்பம். இருபுறமும் கொறங்காடு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கிற மேய்ச்சல் நிலம், அதைச் சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே காங்கேயம் மாடுகள். அந்த வேலியிலேயே மழைக்காலத்தில் காந்தள் தானாக ஏறிப் பூத்திருப்பதைப் பார்க்கலாம். யாரும் ஊன்றியதும் இல்லை, யாரும் தண்ணீர் விட்டதும் இல்லை. வேலியில் ஏறுகிற அந்தப் பழக்கத்தைத்தான் விவசாயிகளும் தோட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். முள்கிளுவையும் விராலியும் கொடிக்குத் துணைச் செடிகள். இப்போது இரும்புக் கம்பி கட்டி, அதன்மேல் கொடியை ஏற்றுகிற தோட்டங்களும் நிறைய.

புரட்டாசிக் கடைசியில் அந்தத் தோட்டங்களில் ஒன்றுக்குள் நின்றதை என்னால் மறக்க முடியாது. இடுப்பளவு, மார்பளவு உயரத்தில் வரிசை வரிசையாகச் சிவப்பும் மஞ்சளும். வரிசைகளுக்கு நடுவே பெண்கள் காலை வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டு போகிறார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் வைப்பதுதான் வேலை. இப்படிக் கையால் மகரந்தம் சேர்த்தால் காய்ப்பிடிப்பு கூடும். விதைக்காகத்தானே இத்தனை பாடும்! எத்தனையோ ஆயிரம் பூக்கள், ஒவ்வொன்றையும் ஒரு கை தொட்டிருக்கிறது. செக்கிங் டேபிளில் பீஸ் பீஸாகத் துணியைப் பார்க்கிற நம் ஊர்ப் பெண்களின் அதே பொறுமையை அங்கே பார்த்தேன். மனம் நெகிழ்ந்துவிட்டது.

தோட்டத்துக்கார அம்மாவுக்கு என் ஆர்வத்தைப் பார்த்து ஒரே ஆச்சரியம். “ஏனுங்க தம்பி, பூவப் பாக்கறதுக்கா இத்தன தூரம் வந்தீங்க?” என்றார். “ஆமாங்கம்மா” என்றேன். “எங்களுக்குப் பூவு அழகுதானுங்க. காய் புடிச்சாத்தான் காசு” என்று சொல்லிவிட்டு, விதை விலை எப்படி ஏறி இறங்கும் என்பதைச் சொன்னார். நல்ல ஆண்டில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகும். அடுத்த ஆண்டே சரிந்துவிடும். அரசு விலை நிர்ணயிக்க வேண்டும் என்பது இந்த விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. அந்தக் கோரிக்கை நிறைவேற வேண்டும் என்று அந்தத் தோட்டத்தைப் பார்த்த யாருமே நினைப்பார்கள். கிளம்பும்போது கிழங்கு எடுப்பதைப் பற்றி அந்த அம்மா சொன்னதுதான் இந்தச் செடி வளர்ப்பின் மூல மந்திரம்: “நுனி ஒடியாம எடுத்துட்டுப் போங்க. நுனி போச்சுன்னா கிழங்கே போச்சுங்க தம்பி.”

கிழங்கிலிருந்து கொடிக்கு

கிழங்கைக் கையில் வாங்கியதும் அந்த மந்திரத்தின் பொருள் விளங்கும். இரண்டு கிளையாகப் பிரிந்த, விரல் தடிமனுள்ள கிழங்கு. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு வளர்முனை. உருளைக்கிழங்குக்கு இருப்பதுபோல மேலெல்லாம் கண் கிடையாது. முனை முறிந்தால் அந்தக் கிளை முளைக்காது. 50, 60 கிராமுக்குக் குறையாத கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். சிறியதும் முளைக்கும், ஆனால் அந்த ஆண்டு பூ பார்ப்பது கடினம். விதையிலிருந்தும் வளர்க்கலாம். முளைக்கவே நாளாகும், பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் பிடிக்கும். முதல் முறை வளர்க்கிறவர்களுக்குக் கிழங்குதான் சரி.

ஆனியிலிருந்து ஆடிக்குள் ஊன்றிவிட வேண்டும். மூலனூரில் ஊன்றுகிற பருவமும் அதுதான். மண்தான் உயிர். கருங்கண் மண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். செம்மண்தான் இதற்குச் சொர்க்கம். தொட்டியில் வளர்ப்பதென்றால் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்து, கொஞ்சம் தென்னை நார்க்கழிவு சேர்க்கிறேன். காங்கேயம், உடுமலைப் பக்கம் தென்னைக்குக் குறைவே இல்லாததால் நார்க்கழிவு சுலபமாகக் கிடைக்கும். அதிலுள்ள உப்புப் போக நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். அகலமான தொட்டியோ பெரிய குரோ பேக்கோ வேண்டும். கிழங்கு படுத்த நிலையில்தான் வளரும். நாலு விரல் ஆழத்தில் படுக்க வைத்து, முனை லேசாக மேலே பார்க்கும்படி மூடினால் போதும்.

பிறகு பொறுமை. முளை தெரிகிறவரை மண்ணை ஈரப்பதமாக மட்டும் வைத்திருங்கள். குளிப்பாட்டாதீர்கள். ஒரு நாள் காலையில் ஈட்டி முனை மாதிரி பச்சையாக ஒன்று மண்ணைப் பிளந்துகொண்டு நிற்கும். அதற்குப் பிறகு அதன் வேகத்தைப் பார்க்க வேண்டும்! காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரியும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் போய்வந்து பார்த்துக்கொண்டே இருப்போம்.

முளைக்கிற பருவம் ஆடிக்காற்றுப் பருவம் என்பதை நம் ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. தண்டு மென்மையானது, வளைத்தால் பட்டென்று முறியும். கிளை விடுவதற்கு முன்னால் முறிந்தால் அந்த ஆண்டுப் பூவை மறந்துவிட வேண்டியதுதான். காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் சுவரின் கிழக்குப் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை வெயில் முழுதாகக் கிடைக்கும். மேற்குக் காற்றையும் மூன்று மணி வெயிலையும் சுவர் வாங்கிக்கொள்ளும். ஏறுவதற்குச் சன்னமான கம்பி வலைதான் நல்லது. தடித்த குழாயை இலை நுனியால் சுற்றிப் பிடிக்க முடியாது.

கட்டுவதற்கு நம் ஊரிலேயே அருமையான பொருள் இருக்கிறது: பனியன் கட்டிங் வேஸ்ட். சணலும் பிளாஸ்டிக் கயிறும் தண்டை அறுக்கும். பின்னலாடைத் துணியின் நீளவாட்டுத் துண்டு இழுத்தால் நீளும், தண்டு பருத்தால் தானும் இளகிக் கொடுக்கும், வெயிலில் சூடேறாது. பருத்தித் துணியாகப் பார்த்து எடுத்தால் வேலை முடிந்த பிறகு மண்ணோடு மண்ணாக மக்கியும் போகும். தொட்டி மண்ணின்மேல் இந்தத் துண்டுகளை ஒரு படுகையாகப் பரப்பி வைத்தால் ஈரம் காயாமல் நிற்கிறது. செடிக்கு இத்தனை பாந்தமான துணி நம் ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடைப்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தண்ணீருக்கு மொட்டை மாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறோம். வளர்கிற பருவமே மழையை ஒட்டிய பருவமாக இருப்பதால் பெரும்பாலும் அதுவே போதுகிறது. மழை பொய்க்கிற வாரத்தில் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் ஒரு குவளை. சுத்திகரிப்புக் கருவி கழித்துத் தள்ளுகிற தண்ணீரை மட்டும் எந்தச் செடிக்கும் ஊற்றாதீர்கள். அதில் உப்பு இன்னும் கூடுதல்.

எதிரி ஒருவர் உண்டு. கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த ஒரு புழு. கூட்டமாக வந்தால் கொடியை மொட்டையடித்துவிடும். லில்லி வகைச் செடிகளைத் தின்கிற புழு இது. அதன் அறிவியல் பெயரான பாலிடெலா குளோரியோசேயிலேயே இந்தச் செடியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் ஒரு சுற்று வந்து, குச்சியால் தட்டிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் வீட்டுத் தோட்டத்துக்கு அதுவே போதும். மருந்தடிக்கத் தேவையில்லை. அடித்தால் தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வராது. அவை வராத செங்காந்தள் கொடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மார்கழியில் இலை மஞ்சளாகும். காய் சுருங்கி வெடித்து, உள்ளே செம்மஞ்சள் விதைகள் வரிசையாகத் தெரியும். அதுவே ஒரு பூ மாதிரி இருக்கும். அப்போதிருந்து தண்ணீரை நிறுத்திவிடுங்கள். கொடி முழுதாகக் காய்ந்ததும் தொட்டியை நிழலில் ஓரமாக வைத்து, மேலே ஓர் அடையாளச் சீட்டுக் குத்தி வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது காலித் தொட்டி என்று கொட்டிவிடுவார்கள். மண்ணுக்குள்ளே ஓர் அதிசயம் நடந்து முடிந்திருக்கும். நாம் ஊன்றிய கிழங்கு தன்னைக் கொடுத்துக் கொடியை வளர்த்துச் சுருங்கிப்போயிருக்கும். அதனிடத்தில் புதுக் கிழங்கு பிறந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் இந்தச் செடி தன்னைப் புதிதாகச் செய்துகொள்கிறது. பல்லாண்டுச் செடிக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் என்ன வேண்டும்?

நஞ்சும் மருந்தும்

இவ்வளவு கொண்டாடுகிற நானே அழுத்தமாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தச் செடி முழுக்க நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. காரணம் கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருள். கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். சின்னக் குழந்தைகள், ஆடு மாடு, நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். நாட்டு மருந்து என்று யார் சொன்னாலும் வீட்டில் அரைக்க வேண்டாம். யாராவது தவறி வாயில் வைத்துவிட்டால், ஒன்றும் தெரியவில்லையே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகும். அதற்குள் நஞ்சு தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

இந்த நஞ்சுதான் அளவோடு சேர்ந்தால் மருந்து. கீல்வாத வகைகளில் ஒன்றான கவுட்டுக்குக் கோல்ச்சிசின் உலகெங்கும் கொடுக்கப்படுகிறது. தசைப் பிடிப்புக்குத் தருகிற தயோகோல்ச்சிகோசைடு என்ற மருந்தும் இதே விதைச் சரக்கிலிருந்து வருவதுதான். மூலனூர் விதை மருந்து நிறுவனங்களைத் தேடிப் போவது இதற்காகவே. கோல்ச்சிசின் வேலை செய்கிற விதத்தைப் படித்தபோது நான் திகைத்துப்போனேன். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே மிக நுண்ணிய இழைகள் உருவாகி, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கின்றன. கோல்ச்சிசின் அந்த இழையை உருவாகவிடாது. நூல் வராமல் தறி நிற்பதைப்போல உயிரணுப் பிரிவு பாதியில் நின்றுபோகும். இழையை நம்பி வாழ்கிற ஊருக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம். 1937இல் இந்தக் குணத்தைப் பயன்படுத்திச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கலாம் என்று அமெரிக்காவில் கண்டறிந்தார்கள். பயிர் ஆராய்ச்சியில் பல புது வகைகளுக்கு வாசல் திறந்தது அப்போதுதான்.

இத்தனை ஆற்றல் உள்ள பூவைத் தமிழ்நாடு தன் மாநில மலராக வைத்திருப்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கும்போது முதலில் வைப்பது செங்காந்தளைத்தான். முருகனுக்கு உகந்த பூ என்று சங்கப் புலவர்கள் கொண்டாடினார்கள். ஆப்பிரிக்காவிலும் இது இயல்பாக வளர்கிறது. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. அந்த நாடு தெற்கு ரொடீசியாவாக இருந்தபோது, 1947இல் இளவரசி எலிசபெத்துக்கு இந்தப் பூவின் வடிவில் ஒரு வைர அணியைப் பரிசளித்தார்கள். வைரத்தில் செய்தாலும் மஞ்சள் சிவப்பாக மாறுகிற அந்த வித்தையை வைரத்துக்கு யார் கற்றுக்கொடுப்பது?

ஆண்டு முழுக்கப் பூ

காந்தள் உறங்குகிற மாதங்களில் தோட்டம் வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. இதே குணமுள்ள கூட்டாளிகள் இருக்கிறார்கள். தை முதல் சித்திரை வரை காகிதப்பூவின் ஆட்சி. பிரேசிலிலிருந்து உலகுக்கு வந்த செடி; 1760களில் பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பயணத்தில் கூடப்போன தாவரவியலாளர் கொமெர்சன் அதை அங்கே கண்டெடுத்தார். நாம் பூ என்று நினைக்கிற அந்த வண்ணத் தாள்கள் பூவைச் சுற்றிய இலைகள். நடுவில் இருக்கிற சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. தண்ணீரைக் குறைக்கக் குறைக்க அதிகமாகப் பூக்கிற செடி வேறு எது இருக்கிறது? உப்புத் தண்ணீரையும் அது பொருட்படுத்துவதில்லை.

சித்திரை வெயிலில் ஈழத்தலரி. இலை உதிர்த்து மொட்டையாக நின்ற மரம் திடீரென்று கொத்துக் கொத்தாக மணக்கத் தொடங்கும். அதன் உறவான அடீனியமும் அதே வெயிலில் தொட்டியில் சிவந்து நிற்கும். அதன் பருத்த அடிமரம் ஒரு தண்ணீர்க் கிடங்கு. முதல் கோடை மழை விழுந்த சில நாட்களில் மழை லில்லி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகத் தரை முழுக்க எழும்பும். கனகாம்பரம் நம் தென்னாட்டின் சொந்தப் பூ. ஆண்டு முழுக்கக் கொஞ்சமாவது பூத்துக்கொண்டே இருக்கும். செவ்வரளியை நெடுஞ்சாலை நடுவில் புகைக்கும் வெயிலுக்கும் நடுவே பார்த்திருப்பீர்கள். அதற்கு நம் வீட்டு மதில் ஓரம் அரண்மனை. அதுவும் நஞ்சுதான், அதே கவனம் வேண்டும். செம்பருத்தியும் இட்லிப்பூவும் மட்டும் சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுத்து நிற்கும். இரும்புச் சத்தை அவற்றால் அந்த மண்ணிலிருந்து எடுக்க முடிவதில்லை. மழைநீரும் மக்கிய உரமும் கொடுத்தால் அவையும் பச்சை பிடித்துவிடும்.

பனியன் ஊர் என்றால் கூரையும் புகையும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்திருக்கலாம். இங்கே 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ இயக்கத்தில் தொழில்துறையினரும் பொதுமக்களும் சேர்ந்து லட்சக்கணக்கில் மரக்கன்றுகளை நட்டிருக்கிறார்கள். ஊரை ஒட்டிய நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது. மண்ணைத் திரும்பப் பெறுகிற ஆசை இந்த ஊருக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது. மரம் நட இடம் இல்லாத வாடகை வீட்டுக்காரரும் லைன் வீட்டுக்காரரும் அந்த ஆசையில் பங்கு எடுக்க ஒரு தொட்டியும் ஒரு முழம் கம்பி வலையும் போதும். அவர்களுக்குத்தான் செங்காந்தளை முதலில் சிபாரிசு செய்வேன். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தாலும் உறங்குகிற கிழங்கு அப்படியே காத்திருக்கும். வீடு மாறினால் கையோடு எடுத்துக்கொண்டும் போகலாம்.

எனவே வருகிற ஆனி மாதம் தாராபுரம் பக்கம் போகிற யாரிடமாவது சொல்லி வையுங்கள். முனை முறியாத, கனமான கிழங்காகக் கேளுங்கள். கிழக்குச் சுவர், செம்மண், கம்பி வலை, பனியன் துண்டு: இவ்வளவுதான் முதலீடு. அடுத்த ஆண்டு தொட்டியைக் கிளறும்போது பெருகியிருக்கும் கிழங்குகளில் ஒன்றைக் கையுறை போட்டு எடுத்து, நஞ்சு என்று சொல்லி, முனையைக் காட்டி, பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். தெருவுக்கு ஒரு வீட்டில் தொடங்கினாலும் போதும், சில ஆண்டுகளில் திருப்பூரின் ஐப்பசி மாதத்தை நம்மால் சிவப்பும் மஞ்சளுமாக மாற்றிவிட முடியும். நான் என் பங்குக் கிழங்குகளைக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன்.